மதினி குடித்தது

எனக்கு முதன்முதலில் அந்தச் சூடு வந்தது மாவாட்டிக்கொண்டிருந்தபோது. மார்கழி மாதம். போடியில் மார்கழி என்றால் மலையிலிருந்து இறங்குகிற காற்று எலும்பைத் தொட்டுவிட்டுத்தான் போகும். தெருவே போர்த்திக்கொண்டு நடக்க, நான் ஆட்டுரல் முன்னால் உட்கார்ந்து வியர்வையில் நனைந்துகொண்டிருந்தேன். நெஞ்சில் கிளம்பிய சூடு கழுத்துக்கு வந்து, காதுக்கு ஏறி, உச்சந்தலையில் போய் நின்றது. மாவுக் கையோடு முந்தானையை எடுத்து விசிறினேன். கொஞ்ச நேரத்தில் சூடு போய், குளிர் நடுக்கியது. காய்ச்சல்தான் என்று மிளகுக் கஷாயம் வைத்துக் குடித்தேன். மிளகு! அன்றைக்கு மட்டும் இன்னும் நாலு தடவை வந்தது.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. ஒரே மகளைத் திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்து, அவளுக்கும் ஒரு பையன் பிறந்துவிட்டான். வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும்தான். அவருக்கு ஏலக்காய் மண்டி. காலையில் போனால் மத்தியானம் சாப்பிட ஒரு முறை வருவார், இருட்டிய பிறகு ஒரு முறை வருவார். மாதத்தில் நாலைந்து நாள் சரக்கெடுக்க மலைக்குப் போய்விடுவார். கெட்ட மனிதர் இல்லை. பேச வேண்டியதையெல்லாம் மண்டியிலேயே பேசித் தீர்த்துவிட்டு வருகிறவர். எனக்கு மிஞ்சுவது "சோறு", "தண்ணி", "கதவச் சாத்திக்க" இவ்வளவுதான்.

மூன்று மாதமாக நான் வீட்டுக்குத் தூரமாகவில்லை. பேரன் பிறந்த பிறகு முழுகாமல் இருந்தால் ஊர் கைகொட்டிச் சிரிக்குமே என்று முதலில் அந்தப் பயம்தான் வந்தது. பிறகு இது அது இல்லை என்று எனக்கே தெரிந்தது. யாரிடம் கேட்பது? அம்மா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆயிற்று. தெருவில் என் வயதுப் பெண்கள் இல்லாமல் இல்லை. ஆனால் என் வாய் நல்ல வாய் கிடையாது. குழாயடியில் ஒவ்வொருத்தியிடமும் ஒவ்வொரு காரணத்துக்குச் சண்டை போட்டு முடித்திருந்தேன். நெருப்பாக எரிகிற உடம்பை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு தனிமையை அதற்கு முன்னால் நான் அறிந்ததில்லை.

கடைசியில் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். மகளுக்கு என்று பொய் சொன்னேன். வைத்தியர் தெருவைப் பார்த்தபடியே இரண்டு கேள்வி கேட்டார். மகளுக்கு என்ன வயது என்று கேட்கவே இல்லை. புரிந்துகொண்டார் போலிருக்கிறது. ஜாடியிலிருந்து கரும்பழுப்பான மருந்தைப் பழைய பாட்டில் ஒன்றில் ஊற்றி, காகிதத்தைச் சுருட்டி அடைத்துக் கொடுத்தார். "அசோகாரிஷ்டம். சாப்பிட்ட பெறகு ரெண்டு வேளை, சமமாத் தண்ணி விட்டுக் குடிக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து அடைப்பைத் திறந்தேன். வெல்லம் புளித்த வாடை குப்பென்று வந்தது. அந்த வாடை எனக்குத் தெரியும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில், மதினி எங்களோடு இருந்தார். மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. சின்ன வயதிலேயே தாலியிழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். எனக்கு ஏழு வயது மூத்தவர். அதிகம் பேசமாட்டார், சிரிக்கமாட்டார். அந்த ஒரு வருஷமாக ஆளே மாறிப்போயிருந்தார். மார்கழிக் குளிரில் போர்வையை உதறிவிட்டு வெறும் சிமெண்டுத் தரையில் படுப்பார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை தலைக்கு ஊற்றிக்கொள்வார். பாத்திரத்தை நங்கென்று வைப்பார். தம்பி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து தின்கிற திமிர் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பெட்டிகளையெல்லாம் வாசலுக்குக் கொண்டுவந்தோம். மதினியின் தகரப்பெட்டியை நான் தூக்கியபோது மூடி திறந்துகொண்டது. சேலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பாட்டில் உருண்டது. பெயர் ஒட்டாத பாட்டில். திறந்து மோந்து பார்த்தேன்.

அது மதுவிலக்குக் காலம். இரண்டு தெரு தள்ளி ஒருவனை டிஞ்சர் குடித்தான் என்று போலீஸ் கூட்டிப்போயிருந்தது. அரிஷ்டம் என்ற பெயரில் சிலர் எதை எதையோ வாங்கிக் குடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. என் வீட்டுக்காரரோ வாலிபத்தில் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்து அடி வாங்கியவர், கதர் தவிர வேறு உடுத்தாதவர். அப்படிப்பட்டவர் வீட்டில், அவருடைய அக்கா பெட்டியில், புளித்த வாடையோடு ஒரு பாட்டில். நான் கத்திய கத்தல் அடுத்த தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

வீட்டுக்காரர் பாட்டிலை வாங்கி மோந்தார். முகம் செத்துப்போயிற்று. "அக்கா, என்ன இது?" என்று மட்டும் கேட்டார். வெள்ளையடிக்க வந்த இரண்டு ஆட்கள் மட்டையும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மதினியைக் குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களுடைய சித்தப்பா மகன் அங்கே கூலியாட்களை வேலை வாங்குகிற கங்காணி. குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன். சொல்வதற்கே நாக்கூசுகிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

இப்போது அதே வாடை என் கையில் இருந்தது. மதினிக்கு அப்போது என்ன வயது என்று எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தாறு. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழுகைக்கு நடுவிலும் சூடு வந்தது, அது யாரையும் பார்த்து வருவதில்லை.

மருந்தைக் குடிக்கவும் செய்தேன். முதல் பத்து நாள் சூடு குறைந்த மாதிரி இருந்தது. ஆகா, கேட்கிறது என்று இன்னொரு பாட்டில் வாங்கினேன். இரண்டாவது பாட்டிலில் முன்னைவிட மோசமாக அடித்தது. அதை விட்டுவிட்டு இங்கிலீஷ் மருந்துக் கடையில் பெண்களுக்கான டானிக் என்று ஒன்று வாங்கிக் குடித்தேன். பசிதான் எடுத்தது. அதையும் நிறுத்திய மாதம் சூடு பாதியாகக் குறைந்தது. மருந்தால் குறைந்ததா, குறைய வேண்டிய நேரத்தில் நான் மருந்தோடு நின்றேனா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

அந்த ஆனியில் கங்காணி வீட்டில் காதுகுத்து வந்தது. மண்டியை விட்டு வர முடியாது என்று வீட்டுக்காரர் என்னை மட்டும் அனுப்பினார். அக்கா இருக்கிற இடத்துக்கு அவர் போகமாட்டார் என்பது எனக்குத் தெரியும். குரங்கணி வரைக்கும் வண்டி, அதற்கு மேல் நடை. விருந்து முடிந்ததும் ஏலக்காய் ஸ்டோருக்குப் போனேன். காய்ந்த காயைத் தரம் பிரித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மதினி. எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எழுந்து வெளியே வந்தார்.

"மதினி, எனக்கும் வந்துருச்சு" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"என்னது?"

"சூடு. ஒங்களுக்கு அப்ப வந்துச்சுல்ல, அது."

"எத்தன மாசமா?" என்றார்.

"ஆறேழு மாசம்."

"உறக்கம் போச்சா?"

"போச்சு."

"ஆத்திரம் வருதா?"

"அது எனக்கு எப்பவும் வர்றதுதான மதினி."

அதற்குச் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. "அந்த மருந்து ஒங்களுக்குக் கேட்டுச்சா?" என்று கேட்டேன்.

"எங்க கேட்டுச்சு? நாலு பாட்டிலு குடிச்சேன். குடிச்சா கொஞ்சம் கண்ணசரும், அம்புட்டுத்தான். இங்க வந்தப்பெறகு மருந்து ஏது? ரெண்டு வருசம் அடிச்சுட்டுத் தானா நின்னுச்சு. வந்த மொத வாரம் நான் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருறதப் பாத்துட்டு, நாங்க கூலிக்காரங்க இருக்குற லயத்துல ஒருத்தி எம் பாயத் தூக்கிக் கதவோரம் போட்டா. சூடு அடிக்கிறவளுக்குத்தான் இங்க கதவோரம். அவளுக்கு நின்னா அடுத்தவளுக்கு. இதுல என்ன ஒளிக்கக் கெடக்கு?"

"அன்னைக்கே மருந்துன்னு சொல்லியிருக்கலாம்ல மதினி?"

"யாருகிட்டச் சொல்ல? தம்பி நிக்கிறான். வெள்ளையடிக்க வந்தவங்க ரெண்டு பேரு நிக்கிறாங்க. எனக்குத் தூரம் நிக்கிற வயசாச்சுன்னு அவங்க முன்னால சொல்றதா? அதுக்குக் குடிகாரின்னு பேரு வாங்குறது தேவலன்னு இருந்துட்டேன். ஒங்கிட்டத் தனியாச் சொல்லலாம்னுதான் மூணு நாளு பாத்தேன். நீ அடுப்படிய விட்டு வரவே இல்ல."

காலில் விழப் போனேன். தோளைப் பிடித்து நிறுத்தினார். "அதெல்லாம் வேண்டாம் தாயி. தம்பிகிட்ட மட்டும் சொல்லிரு. நான் குடிக்கலன்னு அவனுக்குத் தெரியணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"ஊருக்குப் போனதும் சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. வீட்டுக்காரர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் வாய்வரைக்கும் வரும். அக்கா குடித்தது மருந்து என்றால், என்ன மருந்து என்பார். உனக்கெப்படித் தெரியும் என்பார். என் உடம்பில் நடப்பதை அவரிடம் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வருஷம் ஒரே கூரைக்கடியில் இருந்தும், அதைச் சொல்ல எங்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது. வெட்கம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். அன்றைக்குக் கத்தியது தப்பு என்று ஒத்துக்கொள்ள மனமில்லை என்பது மீதிப் பாதி.

எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண் மாதம் ஒரு முறை போடிச் சந்தைக்கு வருவாள். அவளிடம் மதினி எனக்கு மலைநெல்லிக்காய் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். சூட்டுக்கு நல்லது என்று சொல்லச் சொன்னாராம். கூடவே ஒரு கேள்வி. "தம்பிகிட்டச் சொல்லியாச்சான்னு அக்கா கேட்டாக."

"சொல்றேன்னு சொல்லு" என்றேன். அடுத்த மாதமும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது மாதம் எனக்குப் பொறுக்கவில்லை. "சொல்லிட்டேன்னு சொல்லு" என்றேன்.

அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை. ஒரு மாதம் நெல்லிக்காய், ஒரு மாதம் கொய்யா, அதோடு ஏதாவது ஒரு வார்த்தை. கதவோரம் படுக்கச் சொன்னாக. புளியைக் குறைக்கச் சொன்னாக. உறக்கம் வருதான்னு கேட்டாக. நெல்லிக்காய் சூட்டைக் குறைத்ததா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சந்தை நாளுக்காக நான் காத்திருந்தேன். என் உறக்கத்தைப் பற்றி இந்த உலகத்தில் விசாரித்தது மதினி ஒருத்தர்தான். பின்கட்டுக் கதவோரம் பாயைப் போட்டுக்கொண்டு, பொய் சொல்லி வாங்கிய அந்த விசாரிப்பில் ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

ஒரு சந்தை நாள் அந்தப் பெண் மோர் குடித்துக்கொண்டே கேட்டாள். "ஏம்மா, ஐயாவுக்கும் அக்காவுக்கும் என்ன மனத்தாங்கல்? ஐயா லோடு எடுக்க வர்ற அன்னைக்கெல்லாம் அக்கா வெரசாச் சோலிய முடிச்சுட்டு, சீல மாத்தி, எஸ்டேட்டு கேட்டுகிட்டப் போயி நிக்கிது. ஐயா ஜீப்பு குரங்கணியோட திரும்பிருது. 'தெரிஞ்ச பெறகும் வரலயே'ன்னு ஒரு நாளு சொல்லி அழுதுச்சு. என்னம்மா தெரிஞ்ச பெறகு?"

குடிகாரி என்று நினைத்துத் தம்பி வராமல் இருந்தவரைக்கும் மதினி அதைத் தாங்கியிருந்தார். உண்மை தெரிந்தும் தம்பி வரவில்லை என்ற வேதனையை நான் கூடுதலாகக் கொடுத்திருந்தேன்.

அன்று மத்தியானம் வீட்டுக்காரர் இலை முன்னால் உட்கார்ந்தார். நான் சோறு போடவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"ஒங்க அக்கா குடிக்கலங்க. அது மருந்து. பொம்பளைக்கு மாசாமாசம் வர்றது நிக்கிற வயசுல ஒடம்பு கொதிக்கும். அதுக்கு வாங்குன மருந்து. எனக்கும் அது வந்துச்சு. நானும் அதே மருந்தக் குடிச்சேன். அன்னைக்கு நாந்தான் தெரியாமக் கத்துனேன்."

அவர் வெறும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"ஒன்றர வருசமாச்சு."

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போனார். மறுநாள் விடியற்காலை ஜீப்பில் மலைக்குக் கிளம்பினார். மதினி வந்தால் படுக்க என்று நான் பின்கட்டைக் கழுவிவிட்டு, அவருக்கும் சேர்த்து உலை வைத்தேன். சாயங்காலம் அவர் மட்டும் வந்தார்.

"வரமாட்டேன்னுருச்சு. அங்கயே நல்லாருக்காம்" என்றார். செருப்பைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "தெரிஞ்சும் ஏன்டா இத்தன நாளா வரலன்னு கேட்டுச்சு. எனக்கு நேத்துத்தான் தெரியும்னேன். அதுக்குப் பெறகு அக்கா ஒம் பேச்சே எடுக்கல" என்றார்.

அடுத்த சந்தை நாளில் காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் வரவில்லை. இருட்டிய பிறகு வீட்டுக்காரர் மண்டியிலிருந்து ஒரு துணிமுடிச்சோடு வந்தார். அவிழ்த்து நெல்லிக்காயைத் தட்டில் கொட்டினார்.

"அக்கா குடுத்து விட்டுச்சு" என்றார்.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான்."

நான் உள்ளே போய் உப்பு எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.