குணசேகரத்துக்குப் பயமில்லை

வட்டுக்கோட்டைக் குணசேகரத்தின் முன்னோருக்கு வேதம் சொன்னவர்கள் கப்பலேறி வந்த வெள்ளைக்காரர்கள். அந்த வம்சத்தில் ஒருவர் வெள்ளைக்காரருக்கே வேதம் சொல்லப் புறப்பட்டால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். 1986இல் அவர் சுவிஸ் தலைநகர் பேர்ணுக்கு வெளியே ஒரு மிஷன் விடுதியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். அகதி மனு கொடுத்து இரண்டு வருடமாகியும் பதில் இல்லை. மனைவி பத்மினி கொழும்பில், வெள்ளவத்தையில் ஓர் அறையில் காத்திருந்தாள். மனு வென்றால்தான் அவளைச் சுவிஸுக்கு எடுக்கலாம்.

அந்த விடுதியில் பன்னிரண்டு சுவிஸ்காரர்கள் செக் மக்களிடம் ஊழியத்துக்குப் போக ஆயத்தமானார்கள். அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி. பைபிளை ஒளித்துத்தான் கொண்டுபோக வேண்டும். அறுபத்தெட்டில் ரஷ்யப் படை புகுந்தபோது அங்கிருந்து அகதியாக ஓடிவந்த விளாஸ்தா என்ற பெண் அவர்களுக்கு மொழி படிப்பித்தாள். மொழி ஒருவாறு ஏறியது. எல்லையில் மறித்தால் எப்படி நிற்பது என்பதுதான் ஏறவில்லை. பாவம், பிறந்த நாள் தொடக்கம் ஒரு சிப்பாயும் அவர்களை மறித்ததில்லை.

எல்லையில் மறிப்பதுபோல் வைத்த ஒத்திகையில் அவர்களுக்கு வியர்த்துக் கொட்டுவதைக் குசினிக் கதவால் பார்த்த குணசேகரத்துக்குப் பொறுக்கவில்லை. ஆனையிறவு இராணுவச் சோதனையில் எத்தனை தரம் பஸ்ஸை விட்டு இறங்கி நின்றவர்! ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் காட்டினார்: நிமிர்ந்து நில், கண்ணைப் பார், சின்னதாய்ச் சிரி. பயமா என்று கேட்டால் யோசிக்காமல் "இல்லை" சொல். விடுதியை நடத்திய போதகர் ஆம்ஸ்டுட்ஸ் அசந்துபோனார். அன்றே குணசேகரம் பதின்மூன்றாவது ஆள் ஆனார். மனு வென்று பயணப் புத்தகம் கையில் கிடைத்ததும் அவரும் போவதாக முடிவாயிற்று. எட்டு மாதம், வாரத்துக்கு மூன்று மாலை, அதே ஒத்திகை. எந்த மொழியில் கேட்டாலும் பதில் தானாக வாயில் வந்து நின்றது.

அடுத்த வருடம் விசாரணைக்கு அழைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அலுவலர், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் சிவநேசன். தம்பி பிடிபட்டது, வீடு எரிந்தது, எல்லாவற்றையும் குணசேகரம் ஒழுங்காகச் சொன்னார். வெண்ணெய் திரண்டு வந்தது. கடைசியாக அலுவலர் கேட்டார்: "நாட்டுக்குத் திரும்பப் பயமா?"

குணசேகரம் நிமிர்ந்தார். கண்ணைப் பார்த்தார். சின்னதாய்ச் சிரித்தார். சிவநேசனுக்கு வேலை வைக்காமல் ஜெர்மனிலேயே இல்லை என்றார்: "நைன்."

"அண்ணை, என்ன கதைக்கிறியள்? கேள்வி விளங்கினதோ?" என்று சிவநேசன் பதறினார்.

"ஐயோ தம்பி, வாய் தவறிப்போச்சு! பயத்திலைதானே ஓடி வந்தனான். அவருக்குச் சொல்லுங்கோ."

சிவநேசன் சொன்னார். அலுவலர் அதையும் எழுதினார், முதற்பதிலுக்குக் கீழே. எழுதியதை வெட்டும் வழக்கம் அவரிடம் இல்லை. கிறிஸ்தவன் என்பதற்காகச் சனி நாக்கை விட்டு இறங்குவதுமில்லை.

மனு தள்ளுபடியானது. திரும்புவதற்குப் பயமில்லை என்று மனுதாரரே சிரித்த முகத்துடன் கூறியிருக்கிறார் என்பது காரணம். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருந்தது. மதிப்புள்ள சுவிஸ்காரர் ஒருவரின் கடிதம் உதவும் என்றார் சிவநேசன்.

குணசேகரம் போதகரிடம் ஓடினார். நடந்ததைக் கேட்டுப் போதகருக்குக் கண் கலங்கியது, ஆனால் துக்கத்தில் அல்ல. அதிகாரியின் முன்னால் அஞ்சாமல் நின்ற சாட்சி என்று ஞாயிறு ஆராதனையிலேயே எடுத்துச் சொன்னார். பன்னிருவரும் ஆமென் என்றார்கள். விளாஸ்தா மட்டும் வாய் திறக்கவில்லை. வெளியே வந்த பிறகு குணசேகரத்திடம், "எங்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. ரயிலை விட்டு இறங்கினோம், தேநீர் தந்தார்கள்" என்றாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"போதகர், எனக்கு உண்மையாகவே பயம். அதை எழுதுங்கள்" என்று குணசேகரம் கெஞ்சினார்.

"அது உமது தாழ்மை" என்று தோளில் தட்டிவிட்டுப் போதகர் எழுதிக் கொடுத்தார்.

கடிதத்தை வாசித்தபோது குணசேகரத்துக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. ஆனையிறவில்கூட அவர் இப்படிப் பயந்ததில்லை. பத்மினிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"போதகர் கடிதம் தந்தவரோ?"

"ஓம்."

"என்னெண்டு எழுதியிருக்கிறார்?"

குணசேகரம் தமிழாக்கி மெல்ல வாசித்தார்: "இவர் எதற்கும் அஞ்சாத மனிதர். இவரை எங்கே அனுப்பினாலும் கர்த்தர் காப்பாற்றுவார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை."



"அப்ப, உங்களை அனுப்பத்தான் போறாங்களோ?" என்றாள் பத்மினி.