ஆம்புலன்ஸுக்குத் தெரிந்தது, பஸ்ஸுக்குத் தெரியவில்லை

அந்த மார்ச் மாதம் வரைக்கும் லவர்ன் டோபோஸுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. கார்வெல் நகரப் பள்ளி பஸ்களின் கட்டுப்பாட்டு அறையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவள். நாற்பத்தோரு பஸ், பனியில் கிளம்ப மறுக்கும் எஞ்சின்கள், பிள்ளையை இன்னும் காணோம் என்று போனில் கத்தும் தாய்மார்கள், எல்லாவற்றுக்கும் ஒரே குரலில்தான் பதில் சொல்வாள்: "சரி கண்ணு, பாத்துக்கலாம்." நான் டெல்மர். பதினான்காம் நம்பர் பஸ்ஸை ஓட்டினேன்.

அவள் மேசையில் காபிக் குவளைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேனர் இருக்கும். போலீஸும் தீயணைப்புப் படையும் ரேடியோவில் பேசிக்கொள்வதை அதில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், சட்டத்தில் தடையில்லை. ஒஹாயோவில் எங்கள் பக்கத்துச் சமையலறைகளில் பாதிக்கு மேல் அப்படி ஒன்று முணுமுணுத்துக்கொண்டிருந்த காலம். லவர்ன் அதை வாங்கியது கணவனுக்காக. ஸ்டீவ் தீயணைப்பு வீரன். அவன் வண்டி நிலையத்துக்குத் திரும்புகிறது என்று ரேடியோவில் கேட்ட பிறகுதான் தட்டை எடுத்து வைப்பாள். ஸ்டீவ் மாரடைப்பில் போன பிறகு பெட்டியை அலுவலகத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்க முடியவில்லை என்றாள்.

"உன் பெட்டி இன்னிக்கு என்ன சொல்லுது லவர்ன்?" என்று நான் வம்புக்கு இழுப்பேன்.

"உன் வழுக்கையைப் பத்திதான் பேசிக்கிட்டிருக்காங்க. வெயில்ல மின்னி ரோட்டுல யாருக்கும் கண்ணு தெரியலையாம்."

ஆனால் அந்தப் பெட்டியால் எத்தனை முறை பிழைத்தோம் என்று எங்களுக்குத் தெரியும். மேம்பாலத்தில் டேங்கர் கவிழ்ந்த அன்றும் சரி, ஆற்றோரத்தில் கேஸ் குழாய் உடைந்த அன்றும் சரி, திடீரென்று அவள் குரல் வரும்: "பதினாலு, இன்னிக்கு மில் தெரு வேணாம். சர்ச் பக்கமா சுத்திப் போ." ஏன் என்று சொல்ல மாட்டாள். பஸ்ஸில் பிள்ளைகளின் காதில் விழுந்துவிடும் அல்லவா? பிற்பாடு ஷெட்டுக்கு வந்து கேட்டால்தான் காரணம் தெரியும்.

ஓர் அக்டோபர் திங்கட்கிழமை காலை அந்தப் பெட்டி பேச்சை நிறுத்திவிட்டது. எந்த எண்ணுக்குத் திருப்பினாலும் வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம். நகரம் புது ரேடியோ வாங்கி, பேச்சு முழுவதையும் வெளியாள் யாரும் கேட்க முடியாதபடி பூட்டி மறையாக்கம் செய்துவிட்டதாம். போலீஸ்காரர்களின் பாதுகாப்பு, பாதிக்கப்பட்டவர்களின் அந்தரங்கம் என்று பத்திரிகையில் இரண்டு காரணம் போட்டிருந்தார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

லவர்ன் அன்றே போலீஸ் தலைமையகத்துக்குப் போன் செய்தாள். நான் அப்போது பக்கத்தில்தான் நின்றேன்.

"நான் பள்ளி பஸ் அலுவலகத்துலேந்து பேசறேங்க. ஊர்ல எங்கேயாவது ஆபத்துன்னா இனிமே எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாங்களே கூப்பிடுவோம் மேடம். உங்க நம்பரைப் பட்டியல்ல சேத்துட்டோம்."

ஒரு காகிதத்தில் அவர் பெயரையும் தேதியையும் எழுதிக் கோப்பில் வைத்தாள். அதுதான் அவள் பழக்கம்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, பள்ளி விட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மூன்று மணி நான்கு நிமிடத்துக்கு ஆர்ச்சர்ட் தெருவுக்குள் திரும்பினேன். பஸ்ஸில் பதினொரு பிள்ளைகள். தெருவில் ஈ காக்கை இல்லை. நடுவில் இரண்டு போலீஸ் கார்கள் குறுக்கே நின்றன, அவற்றுக்குப் பின்னால் ஆட்கள் குனிந்திருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்துக் கையை வீசினார். என்ன சொல்கிறார் என்று புரிவதற்குள் வெடிச் சத்தம். என் பக்கத்துக் கண்ணாடி நொறுங்கி, இடது கையெல்லாம் ரத்தம்.

"எல்லாரும் தரையில படுங்க! தலையைத் தூக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே பின்னால் எடுத்தேன். ஒரு தெரு முழுக்கப் பின்னாலேயே ஓட்டினேன். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை என்று நினைத்தபோது, ரோவினா என்ற எட்டு வயதுச் சிறுமி எழுந்து நின்றாள். புருவத்திலிருந்து ரத்தம் வழிந்தது. அழக்கூட இல்லை. "மிஸ்டர் டெல்மர், என் கோட்டு அழுக்காயிடுச்சு" என்றாள்.

நான் ரேடியோவில் சொல்லித்தான் லவர்னுக்கு விஷயமே தெரியும். அவள் போலீஸைக் கூப்பிட்டாள். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். மைத்துனனைச் சுட்டுவிட்டு வீட்டுக்குள் ஒளிந்த ஒருவன் ஜன்னல் வழியாகச் சுட்டுக்கொண்டிருந்தான் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. ஆர்ச்சர்ட் தெருவுக்குப் போகாதீர்கள் என்று நகரம் எங்கள் போன்களுக்கு அனுப்பிய செய்தி மூன்று முப்பத்தொன்றுக்கு வந்தது. அப்போது ரோவினாவின் புருவத்தில் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் போலீஸ் அறிக்கை வந்தது. லவர்ன் அதை ஷெட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினாள். "பொதுமக்களுக்கு உடனடியாகத் தகவல் தரப்பட்டது. எந்த நேரத்திலும் பொதுமக்களுக்கு ஆபத்து ஏற்படவில்லை." இரண்டாவது வரியில் அவள் குரல் உடைந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். கோபம் அது.

"அப்ப ரோவினா யாரு? பொதுமக்கள் இல்லையா? டெல்மர் கையில கட்டு எதுக்குப் போட்டிருக்கான், அழகுக்கா?"

அன்றைய ரேடியோ பதிவின் நேரங்களைக் கேட்டு முறைப்படி எழுதிப் போட்டாள். விசாரணை நடப்பதால் தர முடியாது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். ஆறு வாரம் கழித்து ஒரு பக்கம் வந்தது. அதில் தேதியைத் தவிர மீதி எல்லாம் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது.

"இதைப் பூட்டத்தான் அவ்வளவு செலவு பண்ணாங்களா?" என்றாள். "முன்னாடின்னா இதை நான் என் காதாலயே கேட்டிருப்பேன். இவங்களால பொய் சொல்லியிருக்கவே முடியாது."

பிறகு அவளுக்கு ஒன்று தோன்றியது. ஆம்புலன்ஸ் தீயணைப்புப் படையின் கையில். ஆம்புலன்ஸ் கிளம்பினால் ஒரு தாள் எழுதுவார்கள், அந்தத் தாளை யாரும் கேட்டு வாங்கலாம். ஸ்டீவ் வருடக்கணக்கில் எழுதிய தாள் ஆயிற்றே. நான்கே நாளில் வந்துவிட்டது. "2:19. ஆயுதம் தாங்கிய நபர். ஆர்ச்சர்ட் தெருவுக்குள் நுழைய வேண்டாம் என்று போலீஸ் சொன்னது. இரண்டு தெரு தள்ளிக் காத்திருக்கிறோம்."

பள்ளி விட்டதே இரண்டே முக்காலுக்குத்தான்.

நகர மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். லவர்ன் எழுந்து நேரங்களை மட்டும் படித்தாள். "ரெண்டு பத்தொம்போதுக்கு ஆம்புலன்ஸை நிறுத்தினாங்க. மூணு நாலுக்கு எங்க பஸ் உள்ள போச்சு. நாப்பத்தஞ்சு நிமிஷம். ஆம்புலன்ஸுக்குத் தெரிஞ்சது, பஸ்ஸுக்குத் தெரியல. உங்க பட்டியல்ல எங்க நம்பர் இருக்குன்னு சொன்னவரு பேரு, தேதி எல்லாம் என்கிட்ட இருக்கு."

போலீஸ் தலைவர் ரென்ஷா தொண்டையைச் செருமினார். "அன்னிக்கு நடந்தது ஒரு தகவல் தொடர்பு இடைவெளி மேடம்."

"இடைவெளியா? அந்த இடைவெளிக்கு ஏழு தையல் போட்டிருக்காங்க சீஃப்."

கூட்டம் கைதட்டியது. ஆனால் அடுத்துப் பேச வந்தவள் ட்ரீனா என்ற இளம்பெண். பழைய கணவனிடமிருந்து ஒளிந்திருந்தபோது போலீஸ்காரர் அவள் விலாசத்தை ரேடியோவில் சொல்ல, அதை ஸ்கேனரில் கேட்டு அவன் வாசலுக்கே வந்துவிட்டானாம். "உங்களுக்கு அது ஒரு பெட்டி. எனக்கு உயிரு" என்றாள் லவர்னைப் பார்த்து.

லவர்ன் இருந்த இடத்திலிருந்தே திரும்பினாள். "உன் விலாசத்தை ஒருத்தரும் கேக்கக் கூடாது கண்ணு. அதைப் பூட்டட்டும். பேரு, விலாசம், நோய் எல்லாத்தையும் பூட்டட்டும். ஆனா ஒரு தெருவுல ஒருத்தன் துப்பாக்கியோட நிக்கிறான்கிறது யாரோட அந்தரங்கம்? உன்னைக் காட்டி அதையும் சேத்துப் பூட்டுறாங்களே, அதைத்தான் கேக்கறேன்."

"அது நியாயம்தான்" என்று சொல்லிவிட்டு ட்ரீனா உட்கார்ந்தாள்.

இரண்டு வாரத்தில் ரென்ஷாவிடமிருந்து ஒரு சமரசம் வந்தது. பஸ் அலுவலகத்துக்கு மட்டும் பூட்டுத் திறந்த ரேடியோ ஒன்று தருவார்கள். அதில் கேட்டதை, சம்பவம் முடிந்த பிறகும், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். 'முடிந்த பிறகும்' என்ற சொற்களை மட்டும் அடித்துவிட்டுப் போடுகிறேன் என்றாள் லவர்ன். முடியாது என்றார்கள்.

"அடுத்த தடவை பொய் அறிக்கை வந்தா, உண்மை தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருக்கணும். அதுக்கா கையெழுத்து?"

"பிள்ளைங்களுக்கு ரேடியோ வேணுமே லவர்ன்" என்றேன். எனக்கு அதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது.

"வேணும்தான்" என்றாள். பக்கத்து மேசையில் இருந்த பாம் என்ற பெண்ணைக் கூப்பிட்டாள். "நீ போடு. உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா இந்த நாற்காலியில நீதான் உக்காரணும்." அந்த வெள்ளிக்கிழமையே தன் மேசையைக் காலி செய்து, இருபத்தெட்டாம் நம்பர் பஸ்ஸின் சாவியை வாங்கிக்கொண்டாள். கட்டுப்பாட்டு அறைக்கு வருவதற்கு முன் பஸ் ஓட்டியவள்தான்; அறுபத்திரண்டு வயதில் மறுபடி ஓட்டுநர் ஆனாள்.

இலையுதிர் காலத்தில் மன்றம் ஒருவழியாக ஓட்டெடுத்தது. உள்ளூர்ப் பத்திரிகைக்கு மட்டும், அதுவும் அரைமணி நேரம் தாமதமாக, ரேடியோவைக் கேட்க அனுமதி. வெற்றி என்று சிலர் லவர்னின் கையைக் குலுக்கினார்கள்.

"அரைமணி நேரம் கழிச்சு கேட்டா பஸ்ஸை எங்கே திருப்புறது? ஆஸ்பத்திரிக்கா?" என்றாள்.

இப்போதும் மாதத்தில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை தவறாமல் மன்றத்துக்குப் போகிறாள். ரோவினாவின் அம்மாவும் கூடப் போகிறாள், சில நாள் ட்ரீனாவும். போன முறை, பேச வருகிறவர்களின் பெயர் எழுதுகிற குமாஸ்தா, "மறுபடியும் அதே விஷயமா மிஸஸ் டோபோஸ்?" என்று சலித்துக்கொண்டான்.

"அதேதான் தம்பி. பேரை ஒழுங்கா எழுது, பின்னாடி நான் வந்து பேசவே இல்லேன்னு சொல்லிடப் போறாங்க" என்றாள்.