தலை நனைய ஒரு கடற்கரை

என் மனைவி கடலோரத்தில் பிறந்தவள். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கத்தோலிக்க மீனவர் குடும்பம். அவளுடைய அப்பாவும் இரண்டு அண்ணன்மாரும் கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர்கள். நான் திண்டுக்கல் பக்கம். எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறு, அதுவும் நல்ல மழை பெய்த வருஷங்களில். கடல் எனக்குக் கல்யாணத்தின் மூலம் வந்து சேர்ந்த சொந்தம்.

இருந்தாலும் எங்கள் வீட்டில் நீச்சல்காரன் என்று சொல்லிக்கொண்டவன் நான்தான். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு மோட்டார் ரூம் கூரையிலிருந்து தலைகுப்புறக் குதிக்கிற அளவுக்குத் தேறினேன். இதை அமெரிக்கா வந்த பிறகும் விருந்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ரசத்தைப் பரிமாறிக்கொண்டிருப்பாள்.

எண்பதுகளின் நடுவில் ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லேண்டில் வீடு வாங்கினோம். அவள் ஹூஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் எண்ணெய் ஆலைகளுக்குக் குழாய் வரைபடம் போடுகிற இன்ஜினியர். மகளுக்கு ஆறு வயது. வீட்டிலிருந்து ஃப்ரீவே பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் கால்வெஸ்டன் கடற்கரை. அந்த ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, புளிசாதமும் சிப்ஸும் கட்டிக்கொண்டு முதல் தடவையாகப் போனோம்.

நகரத்தை ஒட்டிய நீளமான சுவர், அதன் கீழே மணல், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற கல் வரிசைகள், திருவிழாக் கூட்டம். தண்ணீர் நம்மூர் டீக்கடைத் தேநீர் நிறம். உயரமான மர நாற்காலியில், மூக்கில் வெள்ளைக் களிம்பு பூசிக்கொண்டு, சிவப்பு நீச்சலுடையில் ஒரு பெண் விசிலோடு உட்கார்ந்திருந்தாள். காப்பாற்றுகிற வேலை அவளுடையது. எங்கள் மகள் நகராட்சி நீச்சல் குளத்தில் வகுப்புக்குப் போகிறவள், பாய்ந்து இறங்கிவிட்டாள். என் மனைவி சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால் நனைகிற இடத்தில் வெகுநேரம் நின்றாள்.

“மம்மி, கம் இன்!” என்றாள் மகள்.

“அம்மாவுக்கு வராது பிள்ள. நீ குளி.”

திரும்பி வரும்போது, காரில், ஃப்ரீவே பலகைகளைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: “எனக்கு ஒரே ஒரு தடவ தல நனையணுங்க. கடல்ல.”

எனக்குப் புரியவில்லை. கடலில் பிறந்து வளர்ந்தவள் கடலில் குளித்ததில்லை என்று யார் நம்புவார்கள்? அப்புறம்தான் சொன்னாள். அவர்கள் ஊரில் பெண்கள் மீன் கூடை சுமப்பார்கள், கரைவலை இழுக்கும்போது கயிற்றுக்குக் கை கொடுப்பார்கள், கால் கழுவுவார்கள். அவ்வளவுதான். பொம்பளைக்குக் கரை போதும் என்பது அவள் அப்பா வைத்த சட்டம். விடிகாலையில் கட்டுமரத்தைத் தள்ளுவதற்கு முன்பு அப்பாவும் அண்ணன்மாரும் கால் மணி நேரம் கடலையே பார்த்து நிற்பார்களாம். நீவாடு எந்தப் பக்கம் ஓடுகிறது, அதாவது கடலுக்குள் நீர் எந்தத் திசையில் இழுக்கிறது, அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று பேசுவார்கள். இவள் கஞ்சித் தூக்கோடு பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். யாரும் இவளைத் திரும்பி எதுவும் கேட்டதில்லை.

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் என் மனைவி என்னிடம் தனக்கென்று ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. செப்டம்பரிலிருந்து அவளுக்குச் சனி ஞாயிறு இரண்டு நாளும் டூட்டி. ஆக, இருப்பது இந்த ஒரு கோடைதான். நல்ல கடற்கரையாகப் பார்த்து இவளை இறக்கியே தீருவது என்று முடிவு செய்தேன்.

இன்ஜினியர் முடிவு செய்தால் முதலில் கட்டம் போட்ட தாளை எடுப்பான். எடுத்தேன். இடது பக்கம் கடற்கரைகளின் பெயர், மேலே தகுதிகள். முதல் தகுதி: வேடிக்கை பார்க்க ஆள் இருக்கக் கூடாது. இரண்டாவது: தண்ணீர் அமைதியாக இருக்க வேண்டும். பிறகு உடை மாற்ற இடம், நிழல், பார்க்கிங். நம் வீட்டுப் பெண் நாலு பேர் முன்னால் நனையக் கூச்சப்படுவாள் என்பது எனக்குத் தெரிந்ததுதானே. அவளிடம் கேட்டேனா என்றால், இல்லை. கேட்காமலே எல்லாம் தெரிந்துவிடுகிற வியாதி கணவன்மார் எல்லோருக்கும் இருப்பதுபோல எனக்கும் இருந்தது. சுவர் ஓரத்துக் கடற்கரையைக் கூட்டம் என்ற ஒரே காரணத்துக்காக முதல் வேலையாக அடித்தேன்.

இரண்டாவது கடற்கரை கால்வெஸ்டன் தீவின் மேற்குக் கோடியில். மணல் மேலேயே கார் ஓட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள். போனேன். பின் சக்கரம் இரண்டும் புதைந்தன. பிக்கப் வண்டிக்காரர் ஒருவர் சிரித்தபடியே கயிறு கட்டி இழுத்துவிட்டார். அதற்குள் எங்கள் மூன்று பேர் காலிலும் தார் ஒட்டிக்கொண்டது. அந்தக் கரைகளில் அப்போதெல்லாம் எண்ணெய்க் கழிவு உருண்டை உருண்டையாக ஒதுங்கிக் கிடக்கும். சோப்புக்குப் போகவில்லை. இட்லிப் பொடிக்கென்று கொண்டுவந்த நல்லெண்ணெயை எடுத்து அவள் மூன்று ஜோடிக் கால்களையும் துடைத்துவிட்டாள். அன்றைக்கு இட்லியை வெறும் பொடியைத் தொட்டு விழுங்கினோம். கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இன்னைக்கு வேண்டாங்க” என்றாள்.

மூன்றாவது, படகில் காரை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிற இடம். கடற்பறவைகள் மகள் கையிலிருந்த முறுக்கைப் பிடுங்கிக்கொண்டு போயின. ஆள் நடமாட்டமே இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். மகள் மணலில் கிடந்த ஊதா நிற பலூனை எடுக்கக் குனிந்தாள். இருபதடி தூரத்தில் இருந்த என் மனைவி எப்படி வந்தாள் என்று தெரியவில்லை, மகளின் கையைத் தட்டிவிட்டாள்.

“அது சொறி. தொட்டா தீயா எரியும். காத்து கரையப் பாத்து அடிச்சா இதும் கூட வரும். தண்ணிக்குள்ள இன்னும் கிடக்கும். இன்னைக்கும் வேண்டாம்.”

சொறி என்று அவள் சொன்ன, கொட்டுகிற கடல் பிராணிக்கு என் தாளில் கட்டமே இல்லை. வீட்டுக்கு வந்து ஒன்று போட்டேன். ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவில் நாலு டாக்டர்கள் அவளிடம் கேட்டுத்தான் ஊசி மருந்தின் அளவை உறுதி செய்வார்கள் என்று அவளோடு வேலை செய்கிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கூர்மையை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். பெருமையாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது என்பதை மறைப்பானேன். ஆகஸ்ட் வந்துவிட்டது.

நான்காவதை நானே கண்டுபிடித்தேன். கரையோரமாகத் தென்மேற்கே இன்னும் தூரம் போனால் ஓர் ஆலை. அங்கே வேலையாகப் போன இடத்தில் சாப்பாட்டு நேரத்தில் கடற்கரைக்கு நடந்தேன். ஈ காக்கை இல்லை. இரண்டு பக்கமும் அலை வெள்ளை வெள்ளையாக உடைகிறது. நடுவில் மட்டும் பத்துப் பதினைந்து அடி அகலத்துக்கு அலையே இல்லை. எங்கள் ஊர்க் கிணறு மாதிரி அசையாமல் கிடக்கிறது. இவளுக்காகவே செய்து வைத்ததுபோல் இருந்தது. எல்லாக் கட்டத்திலும் முழு மதிப்பெண் போட்டேன்.

சனிக்கிழமை காலையில் போய் இறங்கினோம். அவளும் தயாராகத்தான் வந்திருந்தாள். சேலை இல்லை, ஆபரேஷன் தியேட்டரில் போடுகிற நீலச் சட்டையும் நாடா வைத்த கால்சட்டையும். தாலியை ஊக்கு போட்டுச் சட்டையோடு குத்தியிருந்தாள். நான் அந்த இடத்தைக் கைகாட்டினேன். அவள் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். பத்து நிமிஷம் இருக்கும்.

“இங்க இறங்கப்பிடாது” என்றாள்.

“ஏன்?”

“அந்தச் சமமா கிடக்கிற இடத்துலதான் கடல் வெளிய போகுது. ரெண்டு பக்கமும் ஏறி வார தண்ணி திரும்பிப் போக வழி வேணும்லா? அதான் வழி.”

நான்கு சனிக்கிழமை அலைந்த கோபம் எனக்கு. “எந்த இடத்தைக் காட்டினாலும் வேண்டாம். உனக்குப் பயம். அதைச் சொல்லிட்டுப் போயேன்” என்றேன். இன்றைக்கும் நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிற வார்த்தை. அதோடு விட்டேனா? சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, பார் என்று அந்த அமைதியான தண்ணீருக்குள் நானே இறங்கினேன்.

இடுப்பளவு வரைக்கும் ராஜா மாதிரி நடந்தேன். நாலு கை போட்டேன். திரும்பிப் பார்த்தால் கரை நான் விட்ட இடத்தில் இல்லை. கரையை நோக்கி நீந்தினேன். அது இன்னும் தள்ளிப் போயிற்று. கிணற்றில் எந்தப் பக்கம் போனாலும் ஐந்தாவது கையில் சுவர் வந்துவிடும், பிடித்துக்கொள்ளலாம். இங்கே பிடிக்க ஒன்றும் இல்லை. கை ஓய்ந்தது. வாய்க்குள் உப்புத் தண்ணீர். பயந்துவிட்டேன், வேறென்ன.

அப்போதுதான் அவள் குரல் கேட்டது. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

“கரைக்கு வராதீங்க! சூரியனப் பாத்துப் போங்க! பக்கவாட்டுல! சூரியனப் பாத்து!”

மகளின் மஞ்சள் துண்டைத் தலைக்கு மேல் உயர்த்திக் காலைச் சூரியன் பக்கமாக வீசிக் காட்டிக்கொண்டே கரையோடு நடந்தாள். நான் கரையை மறந்து, சூரியனைப் பார்த்துக் கையைப் போட்டேன். கொஞ்ச தூரத்தில் இழுப்பு விட்டது. அலை உடைகிற இடம் வந்ததும் அந்த அலையே என்னைத் தூக்கி மணலில் போட்டது. தள்ளிக் கொஞ்ச தூரத்தில் அவள் நின்றிருந்தாள். ஒரு கையில் துண்டு, மறு கையில் மகளின் மணிக்கட்டு. கால் நனைகிற இடத்தைத் தாண்டி ஒரு அடி கூட அவள் வைக்கவில்லை. புருஷன் போகிறானே என்று ஓடி வந்திருந்தால் மூன்று பேரும் போயிருப்போம். பதறாமல் நின்றாளே, அந்த நிற்றலை நான் எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லி வியந்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கிடையாது. “வாயக் கொப்பளிங்க” என்று தண்ணீர் கொடுத்தாள். அந்த வார்த்தையை மகள் சொன்னாள்: “டாடி, யூ ஆர் நாட் எ குட் ஸ்விம்மர்.”

காரைத் திருப்பிப் பாதி வழி வந்துவிட்டோம். பிறகு, ஜூன் மாதமே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

“உனக்கு எந்த இடம் பிடிச்சது?”

“மொத நாளு போனோம்லா, அந்தச் சுவரு கிட்ட.”

“அங்க அத்தனை கூட்டம்!”

“கூட்டம் வேணும்லாங்க. ஆளு பாத்துக்கிட்டு இருக்கிற இடத்துலதான் கடல்ல இறங்கணும். எங்க ஊர்ல கடல் கொண்டு போனவங்க எல்லாம் யாரும் பாக்காதப்ப போனவங்கதான். அதோட அங்க ஒரு பொம்பளப் பிள்ளல்லா காவலுக்கு இருக்கு.”

“இதை ஏன் அப்பவே சொல்லலை?”

“நீங்க கட்டம் போட்டுக்கிட்டு இருந்தீங்க” என்றாள்.

ஆகஸ்டின் கடைசி சனிக்கிழமை. அதே சுவர், அதே கூட்டம், மூக்கில் களிம்போடு அதே பெண். என் மனைவி நேராக அந்த நாற்காலிக்குப் போய், கல் வரிசைக்குப் பக்கத்தில் இழுப்பு இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இருக்கிறது, அதைவிட்டுத் தள்ளி இறங்குங்கள் என்றாள் அந்தப் பெண். பிறகு, நீங்கள் எங்கே நீந்தக் கற்றீர்கள் என்று கேட்டாள். “எனக்கு நீந்தத் தெரியாது. இன்றைக்குத்தான் இறங்கப் போகிறேன்” என்றாள் இவள். அந்தப் பெண் நாற்காலியை விட்டு இறங்கித் தண்ணீர் ஓரத்தில் வந்து நின்றுகொண்டாள்.

என் மனைவி மூக்குக் கண்ணாடியையும் செருப்பையும் என்னிடம் கொடுத்தாள். குனிந்து, கடல்நீரை விரலில் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டாள். அவள் அப்பா மரத்தைத் தள்ளும் முன் செய்வது அது. மகள் முன்னால் போக, அலைக்கு நேராக நெஞ்சைக் கொடுக்காமல் தோளைக் கொடுத்து நடந்தாள். முதல் அலை முழங்கால், இரண்டாவது இடுப்பு. மூன்றாவதுக்கு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தானாகவே குனிந்தாள். தலை உள்ளே போயிற்று. எழுந்தபோது கொண்டை அவிழ்ந்து முகமெல்லாம் முடி. சத்தம் போட்டுச் சிரித்தாள். சுற்றியிருந்த வெள்ளைக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், அவள் கவலைப்படவில்லை. மறுபடி குனிந்தாள், மறுபடியும். வீட்டின் நீச்சல்காரன் கணுக்கால் தண்ணீரில் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் நின்றதில்லை.

அதை அவள் அப்பாவுக்கு எழுதினாள். வேண்டாமே, பெரியவர் கோபப்படுவார் என்றேன். கேட்கவில்லை.

மாமனாரின் கடிதங்கள் எப்போதும் நாலு வரி: நலம், மழை இல்லை, ஜெபம் சொல்லு, பிள்ளைக்கு முத்தம். ஒரு மாதம் கழித்து வந்த பதிலிலும் நாலே வரிதான். டூட்டி முடிந்து வந்தவள் யூனிஃபாரத்தோடு தபால் பெட்டியருகே நின்றே படித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். நலம் விசாரிப்பே இல்லை. ‘நீவாடு எந்தப் பக்கம் போச்சு? அலை எங்கே உடைஞ்சது? எத்தனாவது அலையில் தலை நனைஞ்சது? எல்லாம் விவரமா எழுது.’

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, என் கட்டம் போட்ட தாளைக் கேட்டாள். கொடுத்தேன். என் மதிப்பெண்கள் இருந்த பக்கத்தைக் கவிழ்த்துவிட்டுப் பின்பக்கத்தில் சுவரை வரைந்தாள், கல் வரிசையை வரைந்தாள், அலை உடைகிற இடத்தைக் கோடு போட்டாள், நீவாட்டுக்கு அம்புக்குறி இட்டாள். ஒவ்வொன்றையும் அப்பாவிடம் பேசுவதுபோல் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வரைந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.