மெர்சிக்குக் கிடைத்த தேங்க்யூக்கள்

படுத்த படுக்கையாகிவிட்டவர்களை அவர்கள் வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்வது மெர்சியின் வேலை. அன்னூர்ப் பக்கம் பண்ணையக்காரர்களின் காட்டில் கூலி வேலைக்குப் போன மாரியாத்தாளின் மகள். கோயமுத்தூரில் ஆறேழு வீடுகள் பார்த்துவிட்டாள். அதில் ஒரு வீட்டில், வாய் நிறைய நன்றி சொன்ன அம்மாள்தான் ஒரு நாள் வளையலைக் காணோம் என்று அவள் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னாள். வளையல் குளியலறையில் கிடந்தது. அன்றிலிருந்து யாராவது இனிக்க இனிக்கப் பேசினால் மெர்சி முதலில் தன் பை எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள்.

அதனால் வெள்ளியங்கிரியின் வீட்டில் முதல் நாளே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. அவர் மோட்டார் பம்பு செய்து வெளிநாட்டுக்கு அனுப்பியவர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது என்று அவர் மனைவி சுப்பாத்தாள் சொல்லியிருந்தாள். மெர்சி அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவர் தெளிவாக, "தேங்க்யூ சோ மச்" என்றார்.

தண்ணீர் கொடுத்தால் "சோ கைண்ட் ஆஃப் யூ." விரிப்பை மாற்றினால் "ஐ ரியலி அப்ரிஷியேட் இட்." பெட்பானை எடுத்துப் போகும்போது "மச் அப்ளைஜ்டு." தமிழில் ஒரு வார்த்தை கிடையாது. கேலி செய்கிறாரா, பேச்சு வராதது போல நடித்துத் தன்னை ஆழம் பார்க்கிறாரா என்று மெர்சிக்குப் புரியவில்லை. அவள் அம்மா இவர்களைப் போன்ற எசமானர்களைப் பண்ணாடி என்று கூப்பிட்டே பாதி ஆயுளைக் கழித்தவள். போ, வா என்பதைத் தவிர அவர்களிடமிருந்து எதையும் கேட்டதில்லை.

சுப்பாத்தாளின் சந்தேகம் வேறு மாதிரி. ஒரு மத்தியானம் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏனம்மணி, அவருக்கு நீ என்ன பண்ணுனே?"

"மூஞ்சி தொடச்சேனுங்க, கஞ்சி ஊத்துனேனுங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

தான் இத்தனை வருசம் சோறு போட்டும் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை என்றாள் சுப்பாத்தாள். மெர்சியின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, கட்டிலில் உட்கார்ந்து தானே ஊட்டினாள். அவர் விழுங்கிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"தேங்க்யூ வெரி மச், மேடம்."

சுப்பாத்தாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அன்று முழுக்க அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் மெர்சி வேண்டுமென்றே உப்பில்லாத கஞ்சியை ஒரு வாய் ஊட்டினாள். அவர் முகம் சுளித்தது. வாயோ "வொண்டர்ஃபுல், தேங்க்யூ" என்றது. கரண்ட் வந்து மின்விசிறி சுற்றத் தொடங்கியபோது அதற்கும் ஒரு தேங்க்யூ விழுந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த ரம்ஷாவிடம் மெர்சி இதைக் கேட்டாள். பக்கவாதத்தில் பேச்சு போனாலும் சிலருக்குப் பாட்டு மிஞ்சும், சிலருக்குச் சாமி பேர் மிஞ்சும் என்றாள் ரம்ஷா. இவர் வெளிநாட்டு வியாபாரிகளிடம் ஆயுசு முழுக்கச் சொல்லிப் பழகியவை இந்த வார்த்தைகள். அதனால் இவை மட்டும் தானாக வெளியே வருகின்றன.

"அப்ப மனசுலருந்து வரலீங்களா?"

"வரலாம், வராமயும் இருக்கலாம். அதை அவராலயே சொல்ல முடியாது மெர்சி."

இதைக் கேட்ட பிறகு மெர்சிக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது. நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

மழைக்காலம் வந்தபோது தமிழ் திரும்பியது. முதலில் தண்ணி, அப்புறம் போர்வை, அப்புறம் "சன்னலச் சாத்து." தமிழ் வர வர இங்கிலீஷ் உதிர்ந்தது. கார்த்திகை முடிவதற்குள் அந்த அறையில் தேங்க்யூ என்ற பேச்சே இல்லை.

ஒரு நாள் காலை மாத்திரையோடு போனவளிடம் அவர் கேட்டார்.

"நீ யாரு ஊட்டுப் புள்ள?"

அந்தக் கேள்வி அப்பன் பேரைக் கேட்பதல்ல, சாதியைக் கேட்பது. அது இரண்டு பேருக்கும் தெரியும். மெர்சி ஒளிக்கவில்லை.

"மாரியாத்தா மகளுங்க. அன்னூர்ல சர்ச்சுக்குப் பின்னால இருக்கற தெருவுங்க."

அவர் அவள் கையைப் பார்த்தார். மாத்திரை உள்ளங்கையில் ஈரமாகத் தொடங்கியது. பிறகு வாயைத் திறந்தார். அவள் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அவர் விழுங்கினார். வாயைத் திறந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று மெர்சிக்குத் தெரியவில்லை. மாத்திரை போட வேண்டிய நேரம், பக்கத்தில் வேறு கையும் இல்லை.

வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று தினமும் எதிர்பார்த்தாள். யாரும் நிறுத்தவில்லை. அவர் கைத்தடியோடு நடக்க ஆரம்பித்த பிறகு அவளாகத்தான் விடைபெற்றாள். சுப்பாத்தாள் வாசல் வரைக்கும் வந்தாள்.

இப்போது சரவணம்பட்டியில் வேறொரு வீடு. அங்கே இருக்கும் பெரியவரின் மகள் வெளிநாட்டில். வீடியோ காலில் வந்தால் ஒவ்வொரு முறையும் "வீ காண்ட் தேங்க் யூ எனஃப்" என்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று ரம்ஷாவுக்குப் போன் செய்து கேட்டாள் மெர்சி. எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது என்று அர்த்தம் என்றாள் ரம்ஷா.

மெர்சி சொன்னாள்.

"போதாதுன்னா உட்டுரட்டுங்க. ஞாயித்துக்கெழம லீவு குடுக்கறாங்களான்னு மட்டும் அந்தம்மாகிட்ட இங்கிலீஷ்ல கேட்டுச் சொல்லுங்க."