வெர்லின் ஊற்றிக் கொடுத்த இனிப்பு

வெர்லின் ஹூக்ஸ்ட்ரா கெட்டவர் இல்லை. பிடித்த பிடியை விடாதவர், அவ்வளவுதான். அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில் அறுநூறு ஏக்கரில் மக்காச்சோளம் போட்டார். அந்தச் சோளத்தைப் பறித்துத் தின்ன முடியாது, பல் போய்விடும். அது லாரியேறி ஆலைக்குப் போய் இனிப்புப் பாகாகி, குளிர்பானத்திலும் ரொட்டியிலும் தக்காளி சாஸிலும் கலந்து, மறுபடியும் அவர் சமையலறைக்கே வந்து சேரும்.

அதைக் குடிப்பதும் தின்பதும் அந்த ஊரில் ஒரு விசுவாசம். சர்க்கரை இல்லாத குளிர்பானம் வாங்குகிறவன் சொந்தப் பயிரைக் காட்டிக் கொடுக்கிறவன். மனைவி ஆர்லிஸுக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னதும், அவள் அந்தச் சர்க்கரையில்லாத டின்களை வாங்கி வந்து அடுக்கினாள். சர்ச் ஆட்கள் விருந்துக்கு வந்திருந்தபோது வெர்லின் ஒரு டின்னைத் தூக்கிக் காட்டி, "இது எவன் வயல்ல விளைஞ்சது, ஆர்லிஸ்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு மானம் போயிற்று. பிறகு வீட்டில் சண்டை வேண்டாமென்று பழையதையே குடித்தாள். அறுவடை நாட்களில் வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோய், டிரக் நிழலில் அவரோடு உட்கார்ந்தும் அதையே குடித்தாள். பதினோரு வருஷம் அப்படிப் போனது.

போன குளிர்காலத்தில் இடது பாதத்தில் ஒரு புண் வந்தது. மரத்துப்போன பாதம் என்பதால் அவளுக்கே தெரியவில்லை. புண் புரையோடி, காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்டில் மாவட்டச் சந்தை. சோள விவசாயிகள் சங்கத்துக் கூடாரத்தில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகக் குளிர்பானம் ஊற்றிக் கொடுப்பது இருபத்திரண்டு வருஷமாக வெர்லின்தான். இந்த வருஷம் நிற்காதே என்றாள் ஆர்லிஸ். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

நிற்கப்போவதில்லை என்று சொல்லிவிடுவதாகத்தான் அவரும் கிளம்பினார். காலையில் தானியக் கிடங்கில் காப்பி குடிக்கக் கூடியிருந்தவர்களிடம் ஆரம்பித்தார். சங்கத் தலைவர் டெல்மர் நிதானமாகக் கேட்டார்.

"ஆலைக்காரன் ஏற்கெனவே விலையை இறக்கிட்டான். நீயே ஒதுங்கினா ஜனங்க என்ன நினைப்பாங்க? யாரும் குடிக்கலேன்னா நம்ம சோளத்தை எவன் வாங்குவான்? கேரட் போடுவோமா, வெர்லின்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். கட்டின பெண்டாட்டியின் காலை விடவா டெல்மரின் முகம் பெரிது? ஆனாலும் வெர்லினும் சேர்ந்து சிரித்தார்.

வீட்டுக்கு வந்து, கூடாரத்தில் நிற்க ஒத்துக்கொண்டதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆர்லிஸ் கத்தவில்லை.

"சரி. என்னையும் கூட்டிட்டுப் போ. உன் பக்கத்துல உட்காந்துக்கறேன். வர்றவங்க என்னைப் பாத்துட்டு அப்புறம் வாங்கிக் குடிக்கட்டும்."

அப்படியே சக்கர நாற்காலியில் குளிர்பானப் பீப்பாய்க்கு அருகில் உட்கார்ந்தாள். கால்சட்டையின் இடது பக்கத்தை மடித்து ஊக்கு குத்தியிருந்தாள். கால் இல்லாதது யார் கண்ணுக்கும் தப்பாது.

ஜனங்கள் வந்தார்கள். குனிந்து அவள் தோளைத் தொட்டார்கள். உனக்காக ஜெபிக்கிறோம் என்றார்கள். மனசாரச் சொன்னார்கள், அதில் பொய்யில்லை. சொல்லிவிட்டு நிமிர்ந்து, பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கோப்பையை நீட்டினார்கள். வெர்லின் அவள் பக்கம் திரும்பாமல் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

மதியத்துக்கு முன்பே பீப்பாய் காலி. அடுத்ததை உருட்டிக்கொண்டு வர அவரே போனார்.