நாமக்கல் வரைக்கும் கேட்காத ஹாரன்

இன்று திருச்செங்கோடு பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா, "என்ன வேலைங்க?" என்றார்.

"சரக்குக் கப்பல்ல கேப்டனுங்க."

எங்கள் கம்பெனியில் கேப்டனான முதல் பெண் நான். அடுத்து, "பொம்பளையா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

அவர் கேட்கவில்லை.

"எங்கூட்டுக்காரரு லாரிங்க. மாசத்துல நாலு நாள்தான் ஊட்டுல. பைபாஸ்ல திரும்பறப்ப ஹாரன் அடிப்பாரு. அதைக் கேட்டாத்தான் பாப்பாவுக்குச் சோறு எறங்கும்."

எனக்கும் நாமக்கல் வீட்டில் ஆறு வயசில் ஒரு மகள் இருக்கிறாள். திங்கட்கிழமை நான் கப்பல் ஏறினால் திரும்பி வர ஆறு மாசம் ஆகும்.

"கப்பல்லயும் ஹாரன் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. ரொம்ப தூரம் கேக்கும். நாமக்கல் வரைக்கும்தான் கேக்காது."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்வரை விடவில்லை.

பதினெட்டு வருஷமாகக் கப்பலில் போகிறேன். வீட்டிலிருந்து கிளம்ப மட்டும் இன்னும் பழகவில்லை. பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.