தங்கைக்காக ஜெபித்த இரண்டு வருஷங்கள்

ஸ்டீம் அயர்ன் பட்டதும் பனியன் துணியிலிருந்து ஓர் ஈரச்சூடான வாசனை எழும். வீரபாண்டியில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனி முழுக்க அதுதான். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு ஜெபக்கூட்டத்துக்கு உட்கார்ந்தாலும் முடியிலிருந்து போகாது...

நான் செக்கிங் செக்‌ஷன். தங்கை ஸ்டெல்லா டெய்லர். தூத்துக்குடிப் பக்கமிருந்து இரண்டு பேரும் வந்து, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் ஒரே அறையில் இருந்தோம்.

ஞாயிறு மதியம் எங்கள் அறையில் பன்னிரண்டு பெண்கள் கூடுவார்கள். நடத்தியது நான்தான். வெள்ளிக்கிழமை உபவாசம், விடியற்காலை ஜெபம், வேதாகமத்தில் வரிக்கு வரி சிவப்புக் கோடு. "ஜெபா சிஸ்டர் ஜெபிச்சா கேக்கும்" என்று சொல்வார்கள். ஆவிக்குரிய வாழ்க்கையில் வளர்ந்துவிட்டேன் என்று நானும் நம்பினேன்.

ஸ்டெல்லா, எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர் செந்திலைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் இந்து. ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு நான் போகவில்லை.

அடுத்த ஞாயிறு ஜெபத்துக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றாள். எல்லோர் முன்னாலும் சொன்னேன்...

"மொதல்ல நீ மனந்திரும்பு ஸ்டெல்லா. அதுவரைக்கும் இங்க வராத."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரே கேன்டீனில் வேறு வேறு மேஜை. ஆனால் தினமும் அவள் பெயரைச் சொல்லி அழுது ஜெபித்தேன். அதுதான் அன்பு என்று நினைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஏழாவது மாசத்தில் அவள் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது.

கூட்டத்தில் செய்தி வந்தபோது ஒரு சிஸ்டர் சொன்னார், "கர்த்தர் சிட்சிக்கிறாரு, அடிச்சுத் திருத்துறாரு. இனியாவது திரும்புவா."

நான் "ஆமென்" என்றேன். என் வாயால் சொன்னேன்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரம்மா கேட்டில் நிறுத்தினார்.

"ஏங்கண்ணு, உன்ற தங்கச்சி ஆஸ்பத்திரியில கெடக்கறா. நாந்தான் ரெண்டு நாளா கஞ்சி கொண்டுட்டுப் போறேன். நீ போயிப் பாக்கலையா?"

"நாங்க அவளுக்காக ஜெபிச்சிட்டுதாம்மா இருக்கோம்."

"சாமி கும்பிடறது சரி கண்ணு. அந்தப் புள்ளைக்குத் தலை சீவி உடக்கூட ஆளில்ல."

கம்பெனிக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். செந்தில் வராண்டாவில் சுவரைப் பார்த்து நின்றார். குழந்தையை அவரும் ஒரு நண்பருமாகப் போய் அடக்கம் செய்திருந்தார்கள். ஒரு ஜெபம் சொல்லக்கூட யாரும் இல்லை... ஜெபிக்கத் தெரிந்த பன்னிரண்டு பேர் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தோம்.

ஸ்டெல்லாவின் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சீப்பை எடுத்தேன். என் கையிலிருந்து அதை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"எத்தன நாளு எம்பேரச் சொல்லி ஜெபிச்ச?"

"தெனமும்டி."

"ஒரு நாளாவது வந்து எட்டிப் பாத்திருக்கலாம்லாக்கா."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு கூட்டத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் 'ஆமென்' சொன்னது பாவம் என்றும் சொன்னேன். சிலர் அழுதார்கள். சிலர் எனக்குப் பிசாசு பிடித்துவிட்டது என்றார்கள். ஒரு மாசத்தில் கூட்டம் கலைந்துவிட்டது.

இப்போது ஒரு சின்ன சபைக்குப் போகிறேன். எதையும் நடத்துவதில்லை. லைன் வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாவிட்டால், ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போய் உட்காருவேன். ஒடிசாவிலிருந்து வந்த பெண்ணாக இருந்தாலும் சரி, பாஷை தெரியாவிட்டாலும் சரி. ஜெபம் அதற்கப்புறம்தான்.

ஸ்டெல்லா குன்னத்தூரில் இருக்கிறாள். அப்புறம் குழந்தை இல்லை. மன்னித்துவிட்டதாக ஒருமுறை சொன்னாள். பொய் சொல்கிறவள் இல்லை அவள்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு போன் செய்வாள். அந்தக் காலத்தில் "ஏ ஜெபாக்கா, என்னட்டி செய்த?" என்று கத்திக்கொண்டேதான் அறைக்குள் வருவாள்...

இப்போது, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கிறாள்.